பச்சை டின்னில் இருக்கும் மல்லனும் நம் பிள்ளைகள் தூக்கும் இரும்பும்

2017 மே 26, சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கம். கோலாலம்பூர்ப் பையன் அகிலன் தானி, ஒன் சாம்பியன்ஷிப் வெல்டர்வெயிட் பட்டத்துக்காகக் கூண்டுக்குள் இறங்கினார். வயது 21. அதுவரை தோல்வியே காணாதவர். எதிரில் நின்றவர் பென் ஆஸ்க்ரன், வயது 32, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மல்யுத்தம் செய்தவர். முதல் சுற்று, 2 நிமிடம் 20 விநாடி. தரையில் சாய்த்து, கையையும் கழுத்தையும் சேர்த்து இறுக்கினார் ஆஸ்க்ரன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

மறுநாள் மாமாக் கடைகளில் நம்மவர் பலர் சொன்ன தீர்ப்பு ஒன்றுதான்: "பையனுக்குப் பலம் பத்தல."

அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. ஆஸ்க்ரனின் உடம்பைப் பார்த்து யாரும் ஜிம் விளம்பரத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அவரிடம் இருந்தது பள்ளிப் பருவத்திலிருந்து பாயில் புரண்ட அனுபவம். அகிலனின் கதையோ வேறு. சிறு வயதில் அளவுக்கு மீறிய எடையோடு இருந்து, அதைக் கரைத்து, அதன் பிறகு சண்டைக் கலைக்குள் வந்தவர். அந்த வயதில் உலகப் பட்டத்துக்கு மோதும் இடத்துக்கு அவர் வந்ததே பெரிய விஷயம். ஆனால் அந்த 2 நிமிடம் 20 விநாடி நமக்கு ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. மல்யுத்தம், ஜூடோ, கபடி, கூண்டுச் சண்டை என்று இறங்கும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் 14, 15 வயதில்தான் தொடங்குகிறார்கள். ஆறு வயதிலேயே பாயில் இறங்கியவனோடு அவர்கள் எதைக் கொண்டு ஈடு கொடுப்பது?

நுணுக்கம் வருவதற்குப் பத்து வருடம் ஆகும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. உடல் வலிமை அப்படியல்ல. முறையாகப் பழகினால், புதிதாகத் தொடங்கும் ஒரு பையனுக்கு மூன்று நான்கு மாதத்திலேயே கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரும். தாமதமாகத் தொடங்கியவன் விரைவாக ஈடுசெய்யக்கூடிய ஒரே துறை அதுதான். அதைக் கட்டுவதற்கு மலிவான, அளந்து பார்க்கக்கூடிய கருவி பார்பெல். ஓர் இரும்புத் தண்டு, இரண்டு பக்கமும் தட்டுகள்.

ஆனால் "இரும்பு தூக்கினால் பிள்ளை வளர மாட்டான்" என்ற பேச்சு இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. கிள்ளான் பக்கம் ஒரு தாமானில் வளர்ந்த நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். என் பாட்டியின் சான்று வலுவானது. "பளு தூக்குறவனைப் பாரு, எல்லாம் குட்டை."

பாட்டி பார்த்தது சரி, காரணம்தான் தவறு. கை கால் நீளம் குறைவாக இருப்பவனுக்குப் பளுவைத் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டிய தூரம் குறைவு. அதனால் அவன் அந்த விளையாட்டில் ஜெயிக்கிறான், ஜெயிப்பதால் தொலைக்காட்சியில் தெரிகிறான். கூடைப்பந்து ஆடினால் உயரமாகிவிடலாம் என்று நினைப்பதும் இதே கணக்குதான். எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு மென்மையான பகுதி இருக்கிறது. வளரும் பருவத்தில் அது அடிபடலாம், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. முறையாக வகுக்கப்பட்டு, தகுதியானவர் கண்காணிப்பில் நடக்கும் வலிமைப் பயிற்சி பிள்ளையின் உயர வளர்ச்சியைக் கெடுப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் அதே 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் வாரத்தில் குறைந்தது 3 நாள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், ஆளில்லாத அறையில், கண்ணாடி முன்னால், கூட்டாளியோடு பந்தயம் கட்டி, தகுதிக்கு மீறி ஏற்றுவதில். காலில் தட்டு விழுவது, விரல் நசுங்குவது, முதுகு பிடித்துக்கொள்வது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன.

எனக்கும் நடந்தது. 16 வயதில், டவுனில் ஒரு ஜிம்முக்குப் பள்ளிப் பையோடு போவேன். எந்த ஜிம் என்பது இங்கே முக்கியமில்லை. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள், சாவி கொடுத்தார்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. மூன்றாவது வாரத்தில் முதுகை வளைத்து ஒரு தூக்கு தூக்கினேன். இரண்டு வாரம் பாயை விட்டு எழுந்திருக்க அம்மா கை கொடுக்க வேண்டியிருந்தது. இரும்பு என்ன செய்யும், பாவம்.

மைலோ என்றால் யார்?

நம் நாட்டில் மைலோ குடிக்காமல் பள்ளி முடித்தவர் உண்டா? அந்தப் பச்சை டின்னுக்குப் பெயர் கொடுத்தவரே ஒரு மல்லர்தான். கிரேக்கர்களின் குரோட்டன் நகரத்து மைலோ, கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக்காரர், பழைய ஒலிம்பிக்கில் ஆறு முறை மல்யுத்த வாகையர். 1934-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மெய்ன் என்பவர் உருவாக்கிய பானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

மைலோவைப் பற்றி ஒரு கதை உண்டு. பிறந்த கன்றுக்குட்டி ஒன்றைத் தினமும் தோளில் தூக்கி நடந்தாராம். கன்று வளர வளர அவர் பலமும் வளர்ந்ததாம், கடைசியில் காளையையே தூக்கினாராம். கதை எவ்வளவு உண்மையோ, வலிமைப் பயிற்சியின் முழுச் சூத்திரமும் அதற்குள்ளேயே இருக்கிறது. இன்று முடிந்ததை விட அடுத்த முறை கொஞ்சம் கூடுதல். கொஞ்சம்தான்.

நம்மிடமும் இது இருந்தது. தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் என்று உருண்டைக் கற்கள் கிடக்கும். வாலிபன் அதைத் தரையிலிருந்து எடுத்து, மார்புக்குக் கொண்டுவந்து, தோளுக்கு மேல் போட வேண்டும். தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்ற வழக்கும் சில ஊர்களில் இருந்தது. உடற்பயிற்சிக்குத் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. இலக்கியம் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. புறநானூற்றின் 80-ஆம் பாடலில் சாத்தந்தையார் ஒரு மல்யுத்தத்தை வர்ணிக்கிறார். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மோதுகிறான். ஒரு கால் எதிராளியின் மார்பில் ஊன்றியிருக்கிறது, இன்னொரு கால் அவன் முதுகுப் பக்கம் சென்று அவன் உபாயத்தைத் தடுக்கிறது. இன்றைய பயிற்றுநர் ஒருவர் காணொளியை நிறுத்தி நிறுத்தி விளக்குவது போல இருக்கும். அந்தப் புலவரின் ஆசையெல்லாம் ஒன்றுதான்: பகைத்துக்கொண்ட அப்பன் தித்தன், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், மகன் மோதுவதை ஒருமுறை பார்க்க வேண்டும். போட்டிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுத் தாங்கள் வராத அப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பாட்டு எனக்கு ஞாபகம் வரும்.

தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டால் தாராசிங், கிங் காங் கதைகள் கொட்டும். 1940-களின் இறுதியில் சிங்கப்பூருக்கு வந்த தாராசிங், கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலேயா வாகையரானவர். 1950-களில் அவரும் கிங் காங்கும் மோதிய ஆட்டங்களுக்குக் கூட்டம் திரண்டது. அது பெரும்பாலும் காட்சி மல்யுத்தம் என்பது உண்மைதான். ஆனால் நம் தாத்தாக்களுக்கு 'பலசாலி' என்ற சொல்லுக்கு ஒரு முகம் கொடுத்தவர்கள் அவர்கள்.

இளவட்டக்கல்லில் ஒரு குறை இருந்தது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எடை வித்தியாசம் பெரிது, இன்று 60 கிலோ தூக்கியவன் நாளை 62.5 கிலோ தூக்க வழியில்லை. பார்பெல் தீர்த்தது அதைத்தான். மைலோவின் கன்றுக்குட்டியை இரும்பில் செய்தால் எப்படி இருக்கும், அதுதான் பார்பெல்.

என்ன தூக்குவது, எவ்வளவு

மல்யுத்தக்காரனுக்கு வேண்டியது கண்ணாடியில் தெரியும் தசை அல்ல. எதிராளி ஒரு பக்கம் இழுக்கும்போது நிலைகுலையாமல் நிற்கும் இடுப்பு, தரையிலிருந்து ஆளோடு எழுந்திருக்கும் தொடை, பிடித்த பிடியை விடாத விரல்கள், கழுத்து. ஜிம்முக்குப் போகும் பையன்களில் பாதிப் பேர் இந்த நான்கையும் விட்டுவிட்டு நெஞ்சையும் புஜத்தையும் மட்டும் ஊதிக்கொண்டு வருகிறார்கள். கால் பயிற்சி என்றால் அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அடிப்படைத் தூக்குகள் ஐந்தாறுதான். தோளில் தண்டை வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், நம் பஸ்கியின் அண்ணன். தரையிலிருந்து இடுப்புவரை எடுக்கும் டெட்லிஃப்ட், மல்யுத்தத்தில் எதிராளியை இடுப்போடு கட்டித் தூக்கும் அசைவுக்கு மிக நெருக்கமானது. நின்றபடி தலைக்கு மேல் தள்ளுவது. படுத்துத் தள்ளும் பெஞ்ச். குனிந்து வயிற்றுக்கு இழுக்கும் ரோ. கொஞ்ச நாள் கழித்து, தரையிலிருந்து ஒரே வீச்சில் தோளுக்குக் கொண்டுவரும் பவர் கிளீன். இதோடு கம்பியில் தொங்கி மேலேறும் புல்-அப். இவ்வளவு போதும்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஆண்களுக்கான முழு அளவு ஒலிம்பிக் தண்டு 20 கிலோ, பெண்களுக்கானது 15. 15 வயதுப் பையன் முதல் நாள் தட்டே போடாமல் வெறும் தண்டோடு ஸ்குவாட் செய்கிறான், 5 முறை வீதம் 3 சுற்று. அடுத்த முறை பக்கத்துக்கு 1.25 கிலோ, மொத்தம் 2.5 கிலோ கூடுதல். வாரத்தில் இரண்டு நாள். 12 வாரத்தில் 24 பயிற்சி. கணக்குப்படி 24-ஆவது நாள் அவன் தோளில் 77.5 கிலோ இருக்கும். நடைமுறையில் அதற்கு முன்பே வேகம் குறையும், ஒரு வாரம் பின்வாங்கி மறுபடி ஏற வேண்டிவரும். தோளுக்கு மேல் தள்ளுவதில் இன்னும் சீக்கிரமே முட்டும், அங்கே அரைக் கிலோ தட்டுதான் உதவும். இருந்தாலும் 60 கிலோவைத் தோளில் வைத்து ஒழுங்காக 15 முறை உட்கார்ந்து எழும் பையனையும், மூன்று மாதத்துக்கு முன் இருந்த அதே பையனையும் பாயில் விட்டுப் பாருங்கள். எதிராளியே சொல்வான் வித்தியாசத்தை.

முதல் வருடத்தில் 'அதிகபட்சம் எவ்வளவு' என்று சோதிக்கவே வேண்டாம். அந்த ஆசைதான் முதுகை உடைக்கும். பாய்ப் பயிற்சி வாரத்தில் நான்கைந்து நாள் இருந்தால் இரும்பு இரண்டு நாள் போதும், மூன்று நாள் என்பது போட்டி இல்லாத மாதங்களுக்கு. இரும்பை எப்போதும் பாய்ப் பயிற்சிக்குப் பின் வைத்துக்கொள்ளலாம், முன்னால் வைத்தால் களைத்த காலோடு மோதி அடிபடுவான். பத்துமலையின் 272 படிகளை ஓடி ஏறுகிற பிள்ளைகளை நான் மதிக்கிறேன், மூச்சுக்கு நல்லது. ஆனால் படி உங்களைத் திருப்பி இழுக்காது. எதிராளி இழுப்பான்.

தொடக்கப் பிள்ளையிடம் நடப்பது முதலில் தசை வளர்ச்சிகூட அல்ல. ஏற்கெனவே இருக்கும் தசைக்கு மூளை ஒழுங்காகக் கட்டளை அனுப்பக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் 12, 13 வயதுப் பிள்ளை உடம்பு பருக்காமலேயே பலசாலியாகிறான். மாவுச் சத்தும் புரதமும் அப்புறம். இதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்து வரும் ஏமாற்று எல்லாம் "உடம்பு இன்னும் ஏறலையே" என்ற அவசரத்தில்தான் தொடங்குகிறது.

எடை இறக்கமும் ஊசியும்

மல்யுத்தத்தில் எடைப் பிரிவு உண்டு. பிரிவு இருந்தால் குறுக்கு வழியும் உண்டு. சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், பிளாஸ்டிக் உடை போட்டு ஓடி, வியர்வையில் எடையை இறக்கி, கீழ்ப் பிரிவில் நிற்பது. 1997 நவம்பர், டிசம்பரில் மட்டும் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தக்காரர் மூவர் இப்படிச் செய்து இறந்தார்கள். அதற்குப் பிறகே அங்கே விதிகள் மாறின. 2015 டிசம்பரில் சீன வீரர் யாங் ஜியான் பிங், வயது 21, மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்கு எடை இறக்கும்போது உயிரிழந்தார். அந்த நிறுவனம் அதன் பின் நீர்ச்சத்தை வற்றவைத்து எடை குறைப்பதையே தடை செய்தது.

2024 பாரிஸ் ஒலிம்பிக் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வினேஷ் போகாட், 50 கிலோ பிரிவு, இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்டார். ஆகஸ்டு 7 காலை எடை பார்த்தபோது 100 கிராம் கூடுதல். இரவெல்லாம் ஓடியும், முடியை வெட்டியும் இறங்கவில்லை. பதக்கமே இல்லாமல் போயிற்று. உலகத்தின் தலைசிறந்த வீராங்கனை, கூடவே மருத்துவர் குழு, அதற்கே இந்த நிலை. 15 வயதுப் பிள்ளையிடம் "இரண்டு கிலோ இறக்கு, கீழ்ப் பிரிவில் ஜெயித்துவிடலாம்" என்று சொல்லும் பயிற்றுநர் யாராக இருந்தாலும், என்னைக் கேட்டால், பிள்ளையை அவரிடமிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வளரும் வயது அது. இரும்பு தூக்கி, நன்றாகச் சாப்பிட்டு, மேல் பிரிவுக்கு ஏறுவதுதான் அந்த வயதின் வேலை. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பட்டினியும் கடும் பயிற்சியும் சேர்ந்தால் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு பலவீனமாகும். வெட்கப்பட்டு மறைப்பார்கள், அம்மாக்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கம் ஊசியும் மாத்திரையும். நம் நாட்டுப் பளுதூக்குதலுக்கு நேர்ந்த அவமானத்தை மறந்துவிட்டோமா? திரும்பத் திரும்ப வந்த ஊக்கமருந்து வழக்குகளால் அனைத்துலகச் சம்மேளனம் 2020 ஏப்ரலில் மலேசியாவுக்கு ஓராண்டுத் தடை போட்டது. தோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பளுதூக்குநர் ஒருவர்கூட இறங்க முடியவில்லை. மருந்து எடுக்காதவனும் சேர்ந்தே தண்டனை அனுபவித்தான். தாய்லாந்தின் நிலையும் அதுவே. அங்கே பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கே ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதாக ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சி 2020 ஜனவரியில் அம்பலப்படுத்தியது.

தடைக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் அஸ்னில் பிடின் 55 கிலோ பிரிவில் மொத்தம் 249 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். வெள்ளி வென்ற இந்தியாவின் சங்கேத் சர்கார் 248. ஒரே ஒரு கிலோ! சங்கேத் முழங்கையில் அடிபட்டும் விடாமல் மோதியவர், அவருக்கும் ஒரு வணக்கம். அதே நாள் அனிக் கஸ்டான் 61 கிலோவில் இன்னொரு தங்கம். சரவாக்கின் போனி புன்யாவ் கஸ்டின், உடற்குறை உடையோருக்கான பளுதூக்குதலில் தோக்கியோ, பாரிஸ் இரண்டு பாராலிம்பிக்கிலும் தங்கம், பாரிஸில் படுத்த நிலையில் 232 கிலோ. இந்த நாட்டில் இரும்பு தூக்கும் அறிவு இருக்கிறது. அது நம் தாமான்களுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஜிம்மில் யாராவது பெயரில்லாத புட்டியைக் கொடுத்து "அண்ணன் சொல்றேன், எடுத்துக்கோ தம்பி" என்றால், பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண். இங்கே மருந்து என்று விற்கப்படும் எதற்கும் அது கட்டாயம். இல்லையென்றால் குப்பைத் தொட்டி. பதின்ம வயதில் ஸ்டீராய்டு எடுத்தால் எலும்பின் வளர்ச்சித் தட்டு முன்கூட்டியே மூடிக்கொள்ளும். ஆக, பாட்டி பயந்த குட்டை உருவம் இரும்பால் வருவதில்லை, இதனால் வரலாம்.

கபடிக்காரர்கள் கவனிக்க

இதெல்லாம் மல்யுத்தக்காரனுக்குத்தானே என்று கபடிப் பிள்ளைகள் நினைக்க வேண்டாம். நம் தோட்டங்களிலும் தாமான்களிலும் மல்யுத்தத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் கபடிதான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அரையிறுதியில் இந்தியாவை ஈரான் 27–18 என்று வீழ்த்தியபோது உலகமே திகைத்தது. இறுதியில் தென்கொரியாவையும் தோற்கடித்துத் தங்கம் எடுத்தது. பெண்கள் இறுதியிலும் இந்தியாவை ஈரான் 27–24 என்று வென்றது. கபடி ஈரானியர்களிடம் பிறந்ததல்ல. ஆனால் மல்யுத்தமும் பளுதூக்குதலும் அவர்கள் ரத்தத்தில் இருக்கின்றன. அவர்களுடைய பாரம்பரிய உடற்பயிற்சிக் கூடமான ஸூர்கானேயில் சுழற்றும் மரக்கட்டை நம் கர்லாக்கட்டைக்கு அண்ணன் தம்பி முறை. கணுக்காலைப் பிடித்தால் விடாத அந்தப் பிடி ஒரே இரவில் வந்ததல்ல.

அட்டவணையையும் பாருங்கள். 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டை மலேசியாவே நடத்தியிருக்கலாம். வாய்ப்பு வந்தது, 2024 மார்ச்சில் அரசாங்கம் வேண்டாம் என்றது, செலவு காரணம். கடைசியில் அதை ஏற்ற கிளாஸ்கோ, செலவைச் சுருக்க 10 விளையாட்டோடு நிறுத்திக்கொண்டது. வெட்டப்பட்டவற்றில் மல்யுத்தமும் பூப்பந்தும் ஹாக்கியும் உண்டு. பளுதூக்குதல் தப்பிவிட்டது. அதே 2026-இல் ஜப்பானின் ஐச்சி–நகோயாவில் நடக்கும் ஆசிய விளையாட்டில் மல்யுத்தம், கபடி, பளுதூக்குதல் மூன்றும் உண்டு. 2027-இல் சீ விளையாட்டு நம் நாட்டிலேயே. விளையாட்டுகள் பட்டியலில் வரும், போகும், அது அதிகாரிகள் கையில். ஒரு பிள்ளை கட்டிவைத்த வலிமையை எந்தக் குழுவும் வெட்ட முடியாது. மல்யுத்தத்திலிருந்து கபடிக்கும், ஜூடோவுக்கும், ரக்பிக்கும் அதை அப்படியே எடுத்துப்போகலாம்.

வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் கதை நம்மவருக்கு நல்ல பாடம். அப்பா முன்னாள் ராணுவ வீரர், அவரும் பளுதூக்குநர், பிறகு பல்கலைக்கழகம் ஒன்றில் பாதுகாவலர் வேலை. மகன் 77 கிலோ பிரிவில் 2014 கிளாஸ்கோவில் 328 கிலோ, 2018 கோல்டு கோஸ்டில் 317 கிலோ, இரண்டு காமன்வெல்த் தங்கம். பாதுகாவலர் சம்பளத்தில் குளிரூட்டிய ஜிம் கிடைத்திருக்காது. வீட்டிலேயே இரும்பு தெரிந்த ஒருவர் இருந்தார்.

நமக்குக் குறைவது அந்த ஒருவர்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஜிம்முக்குப் பஞ்சமில்லை, கிள்ளானிலும் அப்படியே. காப்பார், பந்திங் பக்கத் தோட்டத்துப் பிள்ளைக்கோ பஸ் கட்டணமே பெரிது. அரசாங்கம் வருமான வரியில் விளையாட்டுக் கருவி, ஜிம் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 1,000 ரிங்கிட்வரை கழிவு தருகிறது. நல்ல திட்டம். ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத வீட்டுக்கு அந்தக் கழிவால் ஒரு காசு பயன் உண்டா? பி40 பிள்ளைக்கு வேண்டியது கழிவு அல்ல, தண்டு.

ஒரு தண்டு, நூறு கிலோ தட்டுகள், பாதுகாப்புக் கம்பி வைத்த ஒரு ஸ்குவாட் சட்டகம், கீழே ரப்பர் விரிப்பு. மாறி மாறித் தூக்கினால் ஒரு மாலையில் ஆறேழு பிள்ளைகள் பழகலாம். ஆலய மண்டபங்களும் தமிழ்ப்பள்ளி மண்டபங்களும் பொழுது சாய்ந்த பிறகு பூட்டித்தானே கிடக்கின்றன? திருவிழாவுக்கு ஒரு இரவு வாண வேடிக்கைக்குச் செலவாகும் பணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் வம்பு. கருவியை விட ஆள்தான் முக்கியம். தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம், எஸ்பிகேகே, மூன்று நிலைகளில் நடக்கிறது. வட்டார இளைஞர் இயக்கம் ஒவ்வொன்றும் தன் உறுப்பினர் இருவரை அதற்கு அனுப்பலாம். மித்ராவிடம் மானியம் கேட்டுப் போகும் அமைப்புகள் ஒருநாள் நிகழ்ச்சி, டி-சட்டை, மதிய உணவு என்று பட்டியல் போடுவதற்குப் பதில் இதை எழுதிப் பார்க்கட்டும். ஒருநாள் நிகழ்ச்சியில் யாரும் பலசாலி ஆனதில்லை.

பதக்கத்தை விடப் பெரிய காரணமும் ஒன்று இருக்கிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை எண்ணிப் பார்த்தாலே தெரியும். சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் மிகப் பெரிய கிடங்கு தசைதான். தசை குறைவாக, வயிற்றுக் கொழுப்பு அதிகமாக வளரும் பிள்ளைக்குக் கிடங்கு சிறிது. 15 வயதில் ஸ்குவாட் பழகிய பையன் மல்யுத்தத்தை 20 வயதில் விட்டாலும் அந்தப் பழக்கம் அவனோடு இருக்கும்.

சாப்பாட்டுக்கு விலை உயர்ந்த மாவு டப்பா வேண்டியதில்லை. முட்டை, கெம்போங் மீன், கோழி, தெம்பே, பருப்பு, பச்சைப் பயறு, எல்லாம் பக்கத்துப் பாசாரிலேயே கிடைக்கும். காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் மட்டும் உள்ளே போனால் மாலையில் தண்டு நகராது. மைலோ குடிக்கலாம், சீனியைப் பார்த்துக் கலக்கவும். இரவு 8 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம். கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைக்கும் வேலை அப்பாவுடையது.

பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒருநாள் மாலை அந்த இடத்துக்கு நேரில் போய் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். புதுப் பையனுக்கு முதல் நாள் எத்தனை கிலோ ஏற்றுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். வெறும் தண்டைக் கொடுத்து, முதுகை நேராக்கச் சொல்லி, திரும்பத் திரும்பத் திருத்துகிறவர் இருந்தால் கட்டணத்தைக் கட்டிவிட்டு வாருங்கள். தட்டை ஏற்றிவிட்டுக் கைப்பேசியில் படம் பிடிக்கிறவர் இருந்தால், வந்த வழியே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.